அரிக்கேன் விளக்கும் ஆமைத் தீவுக் கல்யாணமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா நிஜக் காரணம் வேற. பொண்ணுக்குக் கல்யாணம். 2024 ஜூன்ல நல்லபடியா முடிஞ்சுது. கல்யாணக் களைப்பு தீர்ந்து கீபோர்டைத் தட்ட இவ்ளோ காலம் ஆயிருக்கு. பதிவு கொஞ்சம் நீளம், டீ காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்களே.

கதை 2022 கடைசியில ஒரு ராத்திரி சாப்பாட்டுல ஆரம்பிக்குது. நாங்க இருக்குறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். பையன் மிச்சிகன்லயே பொறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பையன். நல்ல பையன், ரசம் குடிப்பான். அதுல எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நோவையில பெருமாள் கோயில் இருக்கு, வீட்லேருந்து இருபது நிமிஷம். அங்க தாலி கட்டிட்டு, பக்கத்துல ஒரு மண்டபத்துல சாப்பாடு போட்டா முடிஞ்சுதுன்னு நான் மனசுக்குள்ள பட்ஜெட் வரைக்கும் போட்டு வச்சிருந்தேன்.

பொண்ணு தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. "அப்பா, நாங்க மேக்கினா தீவுல பண்ணிக்கலாம்னு இருக்கோம். கிராண்ட் ஹோட்டல்ல."

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. மிச்சிகன் மாநிலத்தோட கீழ்ப்பாதிக்கும் மேல்ப்பாதிக்கும் நடுவுல ஒரு நீரிணை இருக்கு. அதுக்குக் கிழக்கால ஹ்யூரான் ஏரியில இருக்குற குட்டித்தீவுதான் மேக்கினா. எழுதுறப்ப கடைசியில ஒரு 'சி' உண்டு, சொல்றப்ப கிடையாது. பிரெஞ்சுக்காரன் எழுதிவச்ச எழுத்து அது. தீவோட பழைய பேருக்குப் 'பெரிய ஆமை'ன்னு அர்த்தம்னு சொல்வாங்க. தூரத்துலேருந்து பார்த்தா ஆமை முதுகு மாதிரியேதான் இருக்கும். மொத்தம் நாலு சதுர மைலுக்கும் கொஞ்சம் கம்மி. 2020 கணக்குப்படி ஊர்ல நிரந்தரமா இருக்குறவங்க அறுநூறு பேருக்குள்ளதான். கோடையில கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குதிரைங்களும் இருக்கும்.

குதிரை எதுக்குன்னா, அந்தத் தீவுல கார் கிடையாது. ஆரம்பகாலக் கார்களோட சத்தத்துல குதிரைங்க மிரளுதுன்னு 1898-லேயே தடை போட்டுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதே சட்டம்தான். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி மாதிரி அவசரத்துக்கு மட்டும் மோட்டார். பனிக்காலத்துல ஸ்னோமொபைல் ஓடும். மத்தபடி நடை, சைக்கிள், குதிரை வண்டி. தீவைச் சுத்தி எட்டு மைலுக்கு ஒரு மாநில நெடுஞ்சாலை உண்டு, அதுலயும் சைக்கிளும் குதிரையும்தான்.

கிராண்ட் ஹோட்டல் 1887-ல திறந்தது. ரெண்டு ரயில்வே கம்பெனியும் ஒரு கப்பல் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து கட்டினது. ரயில்லயும் கப்பல்லயும் ஆளைக் கூட்டிட்டு வந்தா தங்க எடம் வேணும்ல, அந்தக் கணக்கு. முழுக்க மரம். அப்ப ஒரு ராத்திரி வாடகை 3 டாலர்லேருந்து 5 டாலர். (இப்ப எவ்ளோன்னு கேக்காதீங்க, நெஞ்சு வலிக்குது.) முன்னாடி 660 அடி நீளத்துக்கு ஒரு தாழ்வாரம், வரிசையா வெள்ளை ஆட்டு நாற்காலி, செவப்பு ஜெரேனியம் பூ. ட்ரூமன்லேருந்து கிளின்டன் வரைக்கும் அஞ்சு அமெரிக்க ஜனாதிபதிங்க வந்து போன எடம். அங்க தங்காம சும்மா சுத்திப் பாக்கப் போனாலே டிக்கெட் வாங்கணும்!

இப்ப என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

"எதுக்கும்மா இந்தப் படம் காட்டுற வேலை?"ன்னு கேட்டேன்.

அவ விளக்கினா. மாப்பிள்ளையோட தாத்தாவுக்கு அப்ப 84 வயசு. காலேஜ் படிக்கிறப்ப கோடை லீவுல அந்தத் தீவுல வேலை பார்த்தவராம். படகுல வர்ற பெட்டிங்களை சைக்கிள் கூடையிலயும் ஹேண்டில்பார்லயும் மலை மாதிரி அடுக்கி, மேட்டுல இருக்குற ஹோட்டலுக்கு மிதிச்சுக் கொண்டுபோற வேலை. இன்னமும் அந்தத் தீவுல பசங்க பாக்குற வேலைதான் அது. பாட்டியைப் பாத்ததும் அங்கதான். பாட்டி இப்ப இல்ல. "தாத்தா நடமாட்டத்தோட இருக்குறப்பவே அங்க பண்ணணும்னு அவனுக்கு ஆசைப்பா."

நியாயம்தான். ஆனா எனக்கு சுருக்குன்னு ஒண்ணு தோணிச்சு, அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைச்சேன். "அவங்க தாத்தா முக்கியம். எங்கம்மா முக்கியமில்ல. அப்படித்தானே?"

எங்கம்மா எங்களோடதான் இருக்காங்க. அப்பா போனதுக்கப்புறம் இங்க கூட்டிட்டு வந்துட்டோம். அப்ப வயசு 81. முழங்கால் ரெண்டும் போச்சு. வீட்டுக்குள்ள வாக்கர், வெளியில வீல்சேர். நாலரை மணி நேரம் கார்ல உக்காந்து, படகேறி, கார் இல்லாத ஊர்ல குதிரை வண்டியில தொத்தி... நடக்குற காரியமா? அப்பாயி இல்லாம ஒரு கல்யாணமா?

பொண்ணு தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டா. ரெண்டு வாரம் என்கூட சரியாப் பேசல. தங்கமணி நடுவுல தூது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, கராஜ்ல வச்சு அவளே வந்து சொன்னா. "அப்பா, நான் அப்பாயிகிட்டதான் மொதல்ல கேட்டேன். உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே. அவங்க சரின்னுட்டாங்க. நீங்கதான் அவங்ககிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல."

பளார்னு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. உண்மைதான். ரெண்டு வாரமா அம்மாவுக்காக சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன், அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணவே இல்ல. அம்மாவால முடியாதுன்னு நானே முடிவு பண்ணி, நானே கோவப்பட்டு, நானே தியாகி ஆயிட்டேன்.

உள்ள போனேன். அம்மா சீரியல் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"ஏம்மா, உன்னால அங்க வரமுடியுமா? அது கார் போகாத ஊரும்மா."

டிவியிலேருந்து கண்ணை எடுக்காமலே அம்மா சொன்னாங்க. "என் கல்யாணத்துக்கு மட்டும் காரா வந்துச்சு?"

இங்க ரெண்டாவது கொசுவத்தி. எங்கம்மாவைக் கட்டிக்குடுத்தது கொள்ளிடத்துக்கு நடுவுல இருக்குற ஒரு படுகை ஊர்ல. ரெண்டு பக்கமும் ஆறு. வாழை, காய்கறின்னு வெளையுற நல்ல மண்ணு, ஆனா தண்ணி வந்துட்டா தீவுதான். 1959 ஆவணி. ஆத்துல நல்ல தண்ணி. பொண்ணு வீட்டுக்காரங்க, சீர்வரிசை, சமையல் சாமான் எல்லாமே ஓடத்துலதான் வந்து எறங்கிச்சாம். இந்தக் கதையை சின்ன வயசுல நூறு தடவை கேட்டிருப்பேன். ஆனா அது ஒரு அனுபவம், அதுலேருந்து ஏதாச்சும் கத்துக்கலாம்னு எனக்கு உறைச்சதே இல்ல.

அன்னிக்கு ராத்திரி அம்மா, பொண்ணு, தங்கமணி மூணு பேரும் டைனிங் டேபிள்ல உக்காந்து லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க. நான் எழுதுற வேலை மட்டும். தங்கமணி ஒரு கடைசி அஸ்திரம் விட்டுப் பாத்தாங்க. "அத்தை, அது ஆமைத் தீவாம். ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்களே."

"நாமதானடி ஆமைக்குள்ள போறோம். ஆமையா நம்ம வீட்டுக்கு வருது?" அஸ்திரம் புஸ்ஸ்ஸ் :-)

அப்பாலிக்கா ஒன்றரை வருஷம் வேலை. ஹோட்டல் மே மாசம் திறந்து அக்டோபர் கடைசியில மூடிடும், பனிக்காலம் முழுக்கக் கிடையாது. அதனால எல்லாரும் அந்த ஆறு மாசத்துலதான் முட்டி மோதுவாங்க. ஜூன்ல தீவு முழுக்க லைலாக் பூத்துக் கிடக்கும்னு பொண்ணு ஜூனைப் பிடிச்சா. குளிருமேன்னு நான் பயந்தேன். (பயந்தது சரிதான், பட்டுப்புடவைக்குள்ள ஸ்வெட்டர் போட்ட சித்திங்க சாட்சி.)

மொதல்ல எடுத்த சமையல் கான்ட்ராக்ட்காரர் எல்லாம் பேசி, அட்வான்சும் வாங்கினப்புறம் போன் பண்ணினார். "சார், என் வேன் ஹோட்டல் வாசல் வரைக்கும் போகும்ல?" போகாதுன்னேன். படகுத்துறையிலேருந்து எல்லாம் குதிரை பூட்டின பார வண்டியிலதான்னேன். அதோட அந்த மனுஷன் கழண்டுக்கிட்டார். அட்வான்ஸைத் திருப்பி வாங்குறதுக்குள்ள எனக்கு ரெண்டு வருஷ வயசு கூடிருச்சு. அப்புறம் வீட்டுலேயே சமைச்சுக் குடுக்குற ஒரு தம்பதி கிடைச்சாங்க. பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், உறைஞ்ச வாழையிலை எல்லாம் அவங்க கொண்டாரது, சோறும் சாம்பாரும் அங்க உள்ள சமையலறையில அவங்க ஆளுங்களோட சேர்ந்து பண்றதுன்னு ஏற்பாடு. அந்த ஹோட்டல்ல ரொம்ப வருஷமாவே ஜமைக்காக்காரங்க நிறைய பேர் வேலை பாக்குறாங்க. அதுல ஒரு பெரியவர் சாம்பார்ப்பொடியை மோந்து பாத்துட்டு, எங்க ஊர்லயும் கறிக்குழம்பு உண்டுன்னு கரண்டியை எடுத்துட்டாராம்.

அடுத்த பஞ்சாயத்து தவில். நம்ம நண்பர் ஒருத்தர், வாரநாள்ல கார் கம்பெனியில ஆணி புடுங்குறவர், வாரக்கடைசியில தவில் வாசிப்பார். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வண்டின்னு முடிவானதும் வண்டிக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "அந்த மேளம் எவ்ளோ சத்தமா இருக்கும்?" குதிரை மிரளுதுன்னு காரையே நிறுத்தின ஊர்ல நாம போய் தவிலைத் தட்டுனா? மொத நாள் சாயந்தரம் நண்பர் நூறடி தள்ளி நின்னு மெதுவா வாசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வந்தார். குதிரைங்க ரெண்டும் காதை மட்டும் ஆட்டிட்டு சாணி போட்டுச்சுங்க. பாஸ்!

உடுப்பு இன்னொரு தமாஷ். அந்த ஹோட்டல்ல சாயந்தரம் ஆறரைக்கு மேல ஆம்பளைங்க கோட்டு, டை போட்டுத்தான் நடமாடணும்னு ஒரு பழைய வழக்கம் உண்டு. எங்க பெரியப்பா வாழ்நாள்ல டை கட்டினதில்ல. பட்டு வேட்டி சட்டையில அவரோட போட்டோவை அனுப்பி, இது தேறுமான்னு கேட்டோம். இது எங்க கோட்டைவிட மரியாதையா இருக்கேன்னு ஏற்பாடு பாத்துக்கிட்ட அம்மணி பதில் போட்டாங்க. பெரியப்பா அந்த பதிலை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கார்.

இதெல்லாம் மேல்வேலை. கல்யாணத்தைக் காப்பாத்தினது அம்மா சொன்ன மூணு விஷயம்.

ஒண்ணு: "தாலியும் கூறைப்புடவையும் மடியில. மத்ததெல்லாம் படகுல."

ரெண்டு: "அய்யரை மொத நாளே தீவுக்குள்ள கொண்டாந்துரு."

மூணாவது, நெருப்பு. ஹோமம் எப்படின்னு புரோகிதர் கேட்டார். தாலி கட்டுறது ஹோட்டல் புல்வெளியில, தண்ணியைப் பாத்த மாதிரி. நீரிணைக் காத்து சும்மா விடுமா? நூத்துச் சொச்சம் வருஷமா நிக்கிற மர ஹோட்டல் பக்கத்துல அந்தக் காத்துல நெருப்பு வளக்க எனக்கே மனசு வரல. சரி, குத்துவிளக்கு மட்டும்னா, அது அரை நிமிஷம் நிக்காது. பேட்டரி விளக்கு வச்சுக்கலாமான்னு கூட நான் கேட்டேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "எங்க கல்யாணத்துல அய்யரே வரலடா. விடிகாலையில ஆத்துல வெள்ளம் ஏறி அக்கரையிலேயே மாட்டிக்கிட்டாரு. ஊர்ப் பெரியவருதான் தாலியை எடுத்துக் குடுத்தாரு. குத்துவெளக்கும் காத்துல நிக்கல. உங்கப்பா ஓடத்துறையில வச்சிருந்த அரிக்கேனைக் கொண்டாந்து மணையில வச்சாங்க. அறுவது வருஷம் நல்லாத்தான வாழ்ந்தோம்?"

நூறு தடவை கேட்ட கதையில இந்தத் துண்டு மட்டும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல.

அரிக்கேன் விளக்கு இங்க முகாம் சாமான் கடையில சல்லிசாக் கிடைக்குது. நீலக் கலர்ல ஒண்ணு வாங்கினேன். புரோகிதர் கொஞ்சம் யோசிச்சார். அம்மா வீல்சேர்ல உக்காந்துக்கிட்டே அவர்கிட்ட பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது, மனுஷன் சரின்னுட்டார்.

கிளம்புற நாள். ஐ-75 நெடுக வடக்கே போயி, அஞ்சு மைல் நீளமான மேக்கினா பாலம் கண்ணுல பட்டதும் அம்மா கேட்டாங்க, "இது எப்பக் கட்டுனது?" 1957-ன்னேன். "கொள்ளிடத்துக்கு இப்படி ஒண்ணு கட்டியிருந்தா அய்யரு வந்திருப்பாரு." படகுல ஏத்துறது நான் பயந்த அளவுக்கு இல்ல. சரிவுப் பலகை இருந்துச்சு, இருபது நிமிஷத்துல தீவு. எறங்கினதும் குதிரைச் சாணி வாசம் குப்புன்னு அடிச்சுது. நாங்க எல்லாம் மூக்கைப் பொத்த, அம்மா மட்டும் நல்லா இழுத்து மூச்சு விட்டாங்க. "ஊரு வாசனைடா."

குதிரை வண்டிப் படிதான் உயரம். நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எப்படி ஏத்தலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். மாப்பிள்ளை வந்தான். "அப்பாயி, ஓகே?"ன்னு கேட்டான். அம்மா தலையாட்டினாங்க. அப்படியே கொழந்தை மாதிரி தூக்கி சீட்ல வச்சுட்டான். கவனிச்சீங்களா? கேட்டுட்டுத் தூக்கினான். நான் இன்னும் கணக்குலேயே நின்னேன்.

கல்யாணத்தன்னிக்குக் காலையில ஏரி முழுக்கப் பனிமூட்டம். எதிர்ல இருக்குற பாலம் காணோம். அக்கரையில தங்கின சொந்தக்காரங்க நாப்பது பேர் வந்த படகு முக்கா மணி நேரம் லேட். மொத நாள் சாயந்தரம் அனுப்பின பெட்டிகள்ல ஒண்ணு, சம்பந்தி வீட்டுக்கு வச்சுக்குடுக்க வேண்டிய புடவையும் வேட்டியும் இருந்த பெட்டி, தீவுல வேற எங்கயோ போயி எறங்கிடுச்சு. தங்கமணி அழுகுற நிலைமை. ஆனா தாலி அம்மா மடியில. கூறைப்புடவை அம்மா மடியில. அய்யர் மொத நாளே வந்து எங்க பக்கத்து ரூம்ல குறட்டை விட்டுட்டு இருந்தார். வேற என்ன வேணும்?

பனி விலகினதும் காத்து ஆரம்பிச்சுது. மணையில அரிக்கேன். சுடர் ஒரு தடவை சாஞ்சு நிமிந்துச்சு, அவ்ளோதான். தாலி முடியுற நேரத்துல நான் பொண்ணைப் பாக்கல, அம்மாவைத்தான் பாத்தேன். அவங்க யாரையும் பாக்கல. விளக்கையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பெட்டி சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துருச்சு. ஒரு சின்னப் பையன் சைக்கிள்ல வச்சுக் கொண்டாந்தான். மாப்பிள்ளையோட தாத்தா எழுந்து நின்னு அவன்கிட்ட, கனமான பெட்டியைக் கீழ வைக்கணும், இப்படி அடுக்கினா சாஞ்சுரும்னு பாடம் எடுத்தார். பையன் "எஸ் சார்"னான்.

சாயந்தரம் அந்த 660 அடித் தாழ்வாரத்துல அம்மாவை ஆட்டு நாற்காலியில உக்கார வச்சோம். "இதென்னடா, ஊரு நீளத்துக்குத் திண்ணை கட்டி வச்சிருக்கான்." பக்கத்துல தாத்தா. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மொழியும் கிடையாது, நடுவுல என் பொண்ணு. எந்த வருஷம் இங்க வேலை பாத்தீங்கன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. தாத்தா விரல் விட்டு எண்ணி, 1958, 59-ன்னார். அம்மா சிரிச்சாங்க. "59-ல நானும் ஓடத்துலதான் இருந்தேன்னு சொல்லு."

பொண்ணு சொன்னா. தாத்தா தொப்பியைக் கழட்டி அம்மாவுக்கு ஒரு வணக்கம் வச்சார்.

நான் எழுந்து கொஞ்ச தூரம் நடந்து போயிட்டேன். திண்ணை நீளம்ங்கிறதால வசதியாப் போச்சு.

அந்த அரிக்கேன் இப்ப எங்க கராஜ்ல ஆணியில தொங்குது. இந்தக் கோடையில கராஜ் சேல் போடணும்னு தங்கமணி ஒதுக்கி வச்ச சாமான்ல அதுவும் இருந்துச்சு. எடுத்து மாட்டிட்டேன். அப்படியே உள்ள போயி, "ஏம்மா, அன்னிக்கு அக்கரையில மாட்டிக்கிட்ட அய்யர் அப்புறம் எப்ப வந்தாரு?"ன்னு கேட்டேன்.

"மூணாம் நாளு. தட்சிணை மட்டும் கரெக்டா வாங்கிட்டுப் போனாரு."

டிஸ்கி: செலவு எவ்ளோன்னு யாரும் கேக்காதீங்க. சம்பந்தி வீட்ல பாதி. மீதிப் பாதிக்கு நான் இன்னும் கொஞ்ச வருஷம் ஆணி புடுங்கணும்.